சீட்டுக்குப் பின்னால் நாலு துளை

அந்தக் கடிதம் வந்தபோது சீட்டக்கா ஒரு வேனின் கடைசி வரிசை சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, கிழிந்த ரெக்சினை உரித்துக்கொண்டிருந்தாள். கார், வேன், பஸ் எதுவானாலும் சீட்டுக்கு உறை தைப்பது, அமுங்கிப்போன பஞ்சை மாற்றுவது, தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுவது, இதுதான் அவள் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அதே கடை, அதே தையல் மிஷின். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கையில் இருந்த கத்தியாலேயே கவரைக் கிழித்தாள். உள்ளே நாலே வரி. விமான ஆய்வாளரின் கையெழுத்து.

"விபத்துக்குக் காரணம் கட்டியவரின் வேலைத்திறன் குறைபாடு. இடது இறக்கையின் ஒட்டு வேலை போதிய தரத்தில் இல்லை. மேற்படி சட்டகம் மீண்டும் பறக்க அனுமதிக்கப்படாது. பழைய இரும்பாகக் கழித்துவிடவும்."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பழைய இரும்பாம்" என்று சத்தமாகச் சொன்னாள். "அதுல இரும்பு எங்கடா இருக்கு? முழுக்க அலுமினியம். அதுகூடத் தெரியாதவன் தரத்தைப் பத்திப் பேச வந்துட்டான்."

வேனை விட்டுவிட்டுப் போக வந்திருந்த டிரைவர், தன்னைத்தான் சொல்கிறாளோ என்று பயந்துபோய் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஐந்து வருஷ உழைப்பு அது. ஒரே ஒரு ஆள் உட்காரும் விமானம். வீட்டிலேயே கட்டிக்கொள்கிறவர்களுக்காக எங்கேயோ ஒரு பொறியாளர் வரைந்து விற்ற அறுபத்து மூன்று தாள் வரைபடத்தைப் பார்த்து அவள் கட்டியது. அலுமினியக் குழாயை அறுத்து, ரிவெட் அடித்து, மெல்லிய பலகையில் இறக்கைக்கு விலா வெட்டி ஒட்டி, மேலே துணி போர்த்தித் தைத்து. மூக்கில் ஒரு குட்டி எஞ்சின், நடுவில் சீட்டு, பின்னால் வால், அவ்வளவுதான் விமானம். ஆள் ஏறாமல் நூற்றுப் பதினைந்து கிலோ. சைக்கிளுக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கிறது என்பார்கள் பார்த்தவர்கள்.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிடித்ததும் சீட்டால்தான். பறக்கும் கிளப்பின் பயிற்சி விமானத்துக்கு உறை தைக்க ஒரு தடவை கூப்பிட்டார்கள். தைத்து மாட்டி முடித்ததும், சும்மா ஒரு சுற்று காட்டுகிறோம் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். கீழே இறங்கியதும், "இதை ஓட்டக் கத்துக்க என்ன செய்யணும்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்க் கற்று, தனியாக ஓட்டும் சான்றிதழை வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தாள். அப்புறம் வரைபடம் வாங்கினாள்.

கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் உடற்கூடு வளர்ந்தது. இறக்கை அங்கே கொள்ளாமல், படுக்கையறையிலிருந்து கூடம் வரைக்கும் ஒரு வருஷம் நீட்டிக்கொண்டு கிடந்தது. அவளும் வீட்டுக்காரரும் அதைத் தாண்டித் தாண்டித்தான் பாத்ரூமுக்குப் போனார்கள். வீட்டுக்காரருக்கு அலுமினிய ஜன்னல் செய்யும் தொழில். அவள் கடைக்குப் பக்கத்துக் கதவுதான் அவர் பட்டறை. அளவு பிசகாமல் குழாய் அறுக்க அவள் அவரிடம்தான் கற்றுக்கொண்டாள். ஆனால் விமானத்தில் ஒரு ரிவெட்கூட அவர் அடித்ததில்லை. அவள் அடிக்க விடவில்லை. "உங்க ஜன்னல்ல நான் கை வச்சேனா?" என்பாள்.

ஊர் பின்பக்கத்துக்கெல்லாம் சீட்டு தைத்தவள், முதல் தடவையாகத் தன் உடம்புக்கு அளவெடுத்து ஒரு சீட்டு தைத்தாள். ஐம்பத்திரண்டு கிலோ, ஐந்தடி உயரம். இந்த மாதிரி சின்ன விமானத்தில் சீட்டு எங்கே இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை. மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டுகிற ஆள்தான். அந்த ஆள் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தால் வால் கனத்துவிடும். மூக்கு மேலே மேலே போகும். ஒரு கட்டத்தில் இறக்கை காற்றைப் பிடிக்காமல் விட்டுவிடும். வரைபடத்தின் நாற்பத்தொன்றாவது தாளில் சீட்டின் நாலு போல்ட்டுக்கும் இடம் குறித்திருந்தது. அவள் அந்தத் தாளைக் கூடத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள்.

விமானம் தயாரானதும் கிளப்பின் செயலாளர் ஆரம்பித்தார். ஆறடி உயரம், அதற்கேற்ற தொப்பை. முப்பது வருஷம் வயலுக்கு மேலே பறந்து பூச்சிமருந்து தெளித்தவர். வாயைத் திறந்தால் "எட்டாயிரம் மணி நேரம் ஓட்டினவன் நான்" என்பதில் தொடங்குவார்.

"முதல் தடவை அனுபவசாலிதான் ஓட்டணும், தங்கச்சி. நான் ஓட்டிப் பார்த்துட்டுத் தர்றேன்."

"வேண்டாம் சார். என் அளவுக்குக் கட்டினது. நான்தான் ஓட்டுவேன்."

"பிடிவாதம் பிடிக்காதே."

"பிடிவாதம் பிடிக்கலைன்னா இதைக் கட்டியே இருக்க மாட்டேன் சார்."

நாலு பேர் முன்னால் அவள் அப்படிச் சொன்னது செயலாளருக்கு முள்ளாகக் குத்தியிருக்க வேண்டும். "சரி, சரி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். இரண்டாம் நாள் காலை, அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் போன் பண்ணினார். செயலாளர் வந்து கேட்டாராம். இவர் கொட்டகைச் சாவியைக் கொடுத்தாராம். கிளப்புக்குக் கொண்டுபோனார்களாம். செயலாளர் ஏறினாராம். மூணு மாடி உயரம்கூடப் போகவில்லையாம், விழுந்துவிட்டதாம். அவருக்குத் தோள் எலும்பும் இரண்டு விலாவும் முறிந்தன. விமானத்துக்கு இடது இறக்கை, சக்கரம், விசிறி எல்லாம் போயின.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே செயலாளர் எல்லாரிடமும் சொன்னார்: "றெக்கை விட்டுப்போச்சு. ஒட்டு நிக்கலை. என்னதான் இருந்தாலும் தையல்காரி கட்டினதுதானே."

அந்தச் சொல் செயலாளருக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்தது. டீக்கடையில் பேசினார்கள். பெட்ரோல் பங்கில் பேசினார்கள். உறை மாட்ட வந்த ஒருவன், "அக்கா, இதையாவது நல்லா ஒட்டுங்க, பாதி வழியில கழண்டுடப் போகுது" என்று பல்லைக் காட்டினான். அவளால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஏனென்றால் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மூன்று வாரம் அந்தச் சந்தேகத்தோடு கிடந்தாள். பசை கலந்த அன்றைக்கெல்லாம் சோதனைக்கு ஒட்டி எடுத்து வைத்த மாதிரித் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்த்தாள். பதினேழு துண்டு. பதினேழிலும் பலகைதான் பிளந்தது, ஒட்டு விடவில்லை. அப்படியும் மனசு கேட்கவில்லை. பதினெட்டாவதாக ஏதாவது ஒன்றில் கோட்டை விட்டிருப்பேனோ? வீட்டுக்காரர் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். "விடும்மா. தப்பு யாருக்கும் வரும்" என்பார். உடைந்த விமானம் கொட்டகையில் தார்ப்பாயின் கீழே கிடந்தது. அதைத் திறந்து பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

இந்தக் கடிதம் வராமல் இருந்திருந்தால் அப்படியே விட்டிருப்பாளோ என்னவோ. "கழித்துவிடவும்" என்ற சொல்தான் அவளை உசுப்பிவிட்டது. வேன் சீட்டை அப்படியே போட்டுவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்துக் கீழே தள்ளினாள்.

இடது இறக்கை முறிந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தரையில் இடித்து முறிந்த முறிவு. ஒட்டு எல்லாம் ஒட்டாகவே இருந்தது. அப்புறம் உடற்கூட்டுக்கு வந்தாள். சீட்டு அதன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் போல்ட்டின் தலையில் புதுக் கீறல். அவள் போல்ட்டை முடுக்கினால் கீறல் விழாது. அதற்கென்று ஒரு ஸ்பானரைத் துணி சுற்றி வைத்திருக்கிறாள்.

சீட்டைக் கழற்றினாள். கீழே விரித்திருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினாள்.

அவளுடைய நாலு துளைக்கும் பின்னால், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், இன்னும் நாலு. நாலிலும் சாம்பல் நிறத்தில் சட்டைப் பொத்தான் அளவு பிளாஸ்டிக் மூடி. நகத்தால் ஒன்றை நெம்பினாள். உள்ளே பெயின்ட் இல்லாத பளபளப்பு; விளிம்பில் டிரில் தூக்கிவிட்ட பிசிர் அப்படியே விரலைக் கீறியது.

அந்த மூடி அவளுக்குத் தெரியும். ஜன்னல் சட்டத்தைத் திருகு போட்டு மாட்டியதும் துளை தெரியாமல் இருக்க அடைப்பது. நூறு நூறாகப் பாக்கெட்டில் வரும். அவள் வீட்டுத் துவைக்கிற மிஷினில் வாரத்துக்கு இரண்டு மூடியாவது கிடைக்கும், வீட்டுக்காரரின் பேன்ட் பாக்கெட்டிலிருந்து.

நாலு மூடியையும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கதவுக்குப் போனாள். அவர் மேசையில் ஒரு பெரிய கண்ணாடியைப் படுக்க வைத்து, ஓரத்துக்கு ரப்பர் பட்டை அடித்துக்கொண்டிருந்தார். மூடிகளைக் கண்ணாடி மேல் வைத்தாள். டக், டக், டக், டக்.

"இது உங்க சரக்குதானே?"

அவர் பார்த்தார். கையில் இருந்த பட்டை நழுவியது.

"எங்கேருந்து எடுத்தே?"

"நீங்க எங்க வச்சீங்களோ அங்கேருந்து."

"உக்காரும்மா. சொல்றேன்."

"நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லுங்க."

"அவருக்குக் கால் நீளம். முட்டி போய் முன்னால தகட்டுல இடிச்சுது. சீட்டைக் கொஞ்சம் பின்னால போட்டுக் கொடுங்கன்னார். அவ கேப்பாளேன்னு சொன்னேன். இறங்கினதும் பழையபடி மாட்டிடலாம், எட்டாயிரம் மணி நேரம் ஓட்டினவனுக்குத் தெரியாதான்னார். போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணாரு. சீட்டை இருந்த இடத்துல மாட்டிடுங்க, அதான் ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு."

"ரெண்டு பேருன்னா?"

"அவருக்கும்... எனக்கும்."

"மூணாவதா ஒருத்தி இருந்தாளே."

அவர் கீழே விழுந்த பட்டையை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

"சாவியை எதுக்குக் கொடுத்தீங்க?"

"பயம்மா. நீ ஏறி உனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? அவர் ஓட்டிப் பார்த்துட்டா எனக்கு ஒரு நிம்மதின்னு நினைச்சேன். உன் நல்லதுக்குத்தான்..."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"மூணு வாரம்" என்றாள். அவள் குரல் தெரு முனைவரைக்கும் போனது. "மூணு வாரம் சுத்தியலை வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஒட்டா உடைச்சேன். தூங்கலை. திங்கலை. ஊசியில நூல் கோத்தா ஒட்டுதான் கண்ணுல நின்னுச்சு. நீ பக்கத்துல உக்காந்து டீ ஆத்திக் கொடுத்தே. தப்பு யாருக்கும் வரும்னு சொன்னே. யாருக்குய்யா வந்துச்சு தப்பு? யாருக்கு?"

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அவரை அவள் 'நீ' என்று சொன்னதே இல்லை. சொல்லிவிட்டோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. கன்னத்தில் அறை வாங்கியவர் மாதிரி நின்றார்.

"என்ன செய்யணும் சொல்லு" என்றார் மெதுவாக.

"உன்கிட்ட நான் எதையும் கேக்கலை. உனக்கா தெரியணும்."

அன்றைக்கே ஆய்வாளருக்குப் போன் பண்ணினாள்.

"சார், என் விமானத்தை எத்தனை நிமிஷம் பார்த்தீங்க?"

"நீங்க யாரு?"

"பழைய இரும்புக்காரி. எத்தனை நிமிஷம்?"

"அம்மா, செயலாளர் அனுபவம் உள்ளவர், அவர் வாக்குமூலம்..."

"வரைபடம் பார்த்தீங்களா? சீட்டைத் தூக்கிப் பார்த்தீங்களா? இல்லைல்ல? ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கிளப்புல கூட்டம். வாங்க. நீங்க வரலைன்னா நான் உங்க ஆபீசுக்கு வருவேன், விமானத்தோட. மாடிப்படியில ஏறுமான்னு தெரியலை. ஆனா ஏத்துவேன்."

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் ஏற்றும் சின்ன லாரியில் உடற்கூட்டைக் கட்டிக்கொண்டு போனாள். லாரியை ஓட்டியது வீட்டுக்காரர்தான். அவள் முன்னால் அவரோடு உட்காராமல் பின்னால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். அந்த மூன்று நாளில் இரண்டு பேருக்கும் நடுவே பேச்சென்று எதுவும் இல்லை.

கிளப் என்பது ஒரு தகரக் கொட்டகையும் முப்பது பிளாஸ்டிக் நாற்காலியும்தான். செயலாளர் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர் வந்திருந்தார், முகத்தில் வேண்டாவெறுப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. உறுப்பினர்கள் இருபது பேர் இருக்கும்.

அவள் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. இரண்டு மர முக்காலியை எதிரெதிரே போட்டாள். மேலே ஒரு இரும்புக் குழாயைப் படுக்க வைத்தாள். நாலு பேரைக் கூப்பிட்டு உடற்கூட்டைத் தூக்கச் சொல்லி, அடியில் தான் போட்டிருந்த சிவப்புக் கோடு குழாய் மேல் சரியாக வரும்படி உட்கார வைத்தாள்.

"இந்தச் சிவப்புக் கோடு வரைபடத்துல இருக்கு" என்றாள் ஆய்வாளரைப் பார்த்து. "மொத்த எடையோட நடுப்புள்ளி இதுக்கு முன்னாலதான் நிக்கணும். இதைத் தாண்டிப் பின்னால போச்சுன்னா பறக்கக் கூடாது. இறக்கை இல்லையேன்னு கேப்பீங்க. இறக்கையோட எடை இந்தக் கோட்டுக்கு மேலேயேதான் வரும், கணக்கு இதோ. பாத்துக்குங்க."

தாளை அவர் மடியில் போட்டாள். அப்புறம் செயலாளரிடம் திரும்பினாள். "சார், வந்து உக்காருங்க."

"விளையாடுறியா? எனக்கு எலும்பு முறிஞ்சிருக்கு."

"அப்ப உங்க எடையில வேற ஒருத்தர் வரட்டும். எவ்வளவு சார் நீங்க?"

பின் வரிசையிலிருந்து பேக்கரிக்காரர் கையைத் தூக்கினார். நல்ல கனமான மனுஷர். "நான் எண்பத்தெட்டு. அவரும் அதே ரகம்தான், போன மாசம்தான் ரெண்டு பேரும் ஒரே மிஷின்ல ஏறிப் பார்த்தோம்."

கொட்டகையில் முதல் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. சீட்டைத் தன்னுடைய பழைய துளையில் மாட்டிப் பேக்கரிக்காரரை உட்கார வைத்தாள். முட்டி மடங்கி நெஞ்சில் இடிக்க, அவர் எப்படியோ தன்னை உள்ளே திணித்துக்கொண்டார். விமானத்தின் மூக்கு முன்பக்கம் சாய்ந்து நின்றது. அசையவில்லை.

"இறங்குங்க அண்ணே."

சீட்டைக் கழற்றினாள். பின்னால் இருந்த நாலு துளையில் மாட்டினாள். "இப்ப உக்காருங்க."

இந்தத் தடவை அவர் வசதியாகக் காலை நீட்டிக்கொண்டார். "ஆ, இது நல்லா இருக்கே" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மூக்கு மேலே எழும்பி, வால் தடாலென்று சிமென்ட் தரையில் இடித்தது. பேக்கரிக்காரர் கூரையைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஆய்வாளர் எழுந்து வந்தார். குனிந்து, போனில் வெளிச்சம் போட்டு, துளையின் விளிம்பை விரலால் தடவினார். நாற்பத்தொன்றாவது தாளை வாங்கிப் பார்த்தார். மறுபடி துளையைப் பார்த்தார்.

"இது வரைபடத்துல இல்லை" என்றார்.

"இல்லை சார்."

"சார், ஒரு நிமிஷம்" என்றார் செயலாளர். குரலில் பதற்றம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "விமானம் மூணு வாரமா இந்த அம்மா வீட்லதான் இருக்கு. பழியை என் மேல போட இவங்களே துளை போட்டுக் கொண்டுவந்தா யாருக்குத் தெரியும்? நான் ஓட்டினப்ப சீட்டு அதோட இடத்துலதான் இருந்துச்சு."

நாலைந்து தலைகள் அதானே என்கிற மாதிரி ஆடின. அவள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். திரும்பினால் கெஞ்சிய மாதிரி ஆகிவிடும்.

நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"துளை போட்டது நான்" என்றார் வீட்டுக்காரர். வாசலோரம் நின்றிருந்தார், கை இரண்டும் நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்திருந்தன. "சார் கேட்டார், போட்டேன். அன்னிக்குக் காலையில, இதே கொட்டகையில. விழுந்தப்புறம் சார் சொல்லித்தான் சீட்டைத் திரும்ப மாட்டினேன். மூடி போட்டு மறைச்சதும் நான்தான். இவளுக்குத் தெரியாது. இவகிட்ட மூணு வாரம் பொய் சொன்னேன். இவ ஒட்டுல ஒரு குறையும் இல்லை. நான் பொறுக்கிப் பார்த்த துண்டு எல்லாம் பலகைதான் ஒடைஞ்சிருந்துச்சு."

துண்டுகளை அவரும் பொறுக்கிப் பார்த்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆறுதலாக இல்லை. இன்னும் கோபமாகத்தான் வந்தது. தெரிந்துகொண்டேவா டீ ஆற்றினாய்?

ஆய்வாளர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தூளியைச் சரிசெய்துகொண்டார்.

"சரி, ஒரு சின்னத் தவறான புரிதல்" என்றார். "நடந்தது நடந்துபோச்சு. தங்கச்சி, மனசுல வச்சுக்காதே."

"வச்சுக்குவேன் சார். நல்லா பத்திரமா வச்சுக்குவேன். தையல்காரி கட்டினதுன்னு ஊர் பூரா சொன்னீங்களே, அந்த வாயால இங்க ஒரு தடவை சொல்லுங்க. றெக்கை நல்லாத்தான் இருந்துச்சுன்னு. அஞ்சு வார்த்தை கூட இல்லை. சொல்லுங்க."

"எனக்குத் தோள் வலிக்குது" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. பத்து நாளில் ஆய்வாளர் வேறொரு கடிதம் அனுப்பினார்: கட்டியவருக்குத் தெரியாமல் செய்யப்பட்ட மாற்றமே விபத்துக்குக் காரணம், சட்டகத்தைச் செப்பனிட்டுப் பறக்கலாம், முந்தைய அறிக்கை ரத்து. மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. செயலாளர் செயலாளராகவே இருந்தார். வயசானவர், போகட்டும் விடுக்கா என்று பேக்கரிக்காரர்கூடச் சொன்னார். அவள் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கிளப்புக்குப் போய், செயலாளருக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். இரண்டு மாதத்தில் அவர் ஞாயிறுக்குப் பதில் சனிக்கிழமை வர ஆரம்பித்தார்.

விமானத்தைத் திரும்பக் கட்டப் பதினாலு மாதம் ஆனது. துளை விழுந்த குழாய்கள் இரண்டையும் அறுத்தெறிந்துவிட்டுப் புதுசு போட்டாள். முதல் நாலு மாதம் வீட்டுக்காரர் கொட்டகைப் பக்கம் வரவில்லை. ஒருநாள் வாசலில் வந்து நின்று, "றெக்கைக்கு விலா நான் தேய்ச்சுக் கொடுக்கட்டுமா?" என்றார்.

"ஜன்னலைப் பாரு."

மறுநாளும் வந்து நின்றார். அதற்கு மறுநாளும். நாற்பதாவது தடவையோ ஐம்பதாவது தடவையோ, அவள் தலையைத் தூக்காமல் உப்புத்தாள் ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள். அவர் தரையில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்ததை அவள் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தாள், ஒவ்வொன்றையும், முன்னும் பின்னும். அளவு சரியாக இருந்தாலும் சரியென்று சொல்லவில்லை.

பறக்கிற அன்றைக்குக் காலையில் காற்று அடங்கியிருந்தது. கிளப் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். அவள் சீட்டின் நாலு போல்ட்டையும் தன் கையால் ஒரு தடவை முடுக்கிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் அதனதன் இடத்தில் பொருந்தின. எஞ்சின் பிடித்துக்கொண்டது. புல்தரையில் ஓடி, குலுங்கி, ஒரு நொடியில் குலுக்கல் நின்றுபோனது. தரை கீழே போனது.

மூக்கு எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருந்தது. கைப்பிடியை இரண்டு விரலால் தொட்டால் போதும், சொன்னபடி கேட்டது. கீழே கொட்டகை தீப்பெட்டியாகச் சுருங்கியது. மனிதர்கள் புள்ளிகள்.

சந்தோஷம் பொங்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். பொங்கியது வேறு. எட்டாயிரம் மணி நேரம் என்றாள் முதலில், பல்லைக் கடித்துக்கொண்டு. எஞ்சின் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அதனால் உரக்கச் சொன்னாள். அப்புறம் கத்தினாள். செயலாளரை, அவர் தொப்பையை, அவர் தூளியைத் திட்டினாள். பழைய இரும்பு என்று எழுதிய கையைத் திட்டினாள். டீக்கடையை, பெட்ரோல் பங்கை, பல்லைக் காட்டியவனைத் திட்டினாள். வீட்டுக்காரரை மட்டும் இரண்டு முழுச் சுற்று திட்டினாள். வாழ்க்கையில் வாயில் வராத சொல்லெல்லாம் வந்தது. பக்கத்தில் இன்னொரு சீட்டு இல்லை. காது கொடுக்க ஆள் இல்லை. அடக்கு என்று சொல்லவும் ஆள் இல்லை. கண்ணீர் காற்றில் பின்பக்கமாக ஓடிக் காதுக்குள் போனது.

இறங்கும்போது சக்கரம் ஒரே ஒரு தடவை துள்ளியது. வீட்டுக்காரர்தான் முதலில் ஓடிவந்தார், தண்ணீர் பாட்டிலோடு.

"எப்படி இருந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது. தண்ணீரை வாங்கிப் பாதியைக் குடித்தாள்.

"மேலே வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சுன்னு பைனாகுலர்ல பார்த்தவங்க சொன்னாங்க" என்றார். "பாடினியா?"

"திட்டினேன்" என்றாள். கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு குரல்.

"யாரை?"

"எல்லாரையும்."

"என்னையுமா?"

"உன்னைத்தான் ஜாஸ்தி."

அவர் தலையாட்டினார். "முடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திருகித் திறந்து, கொட்டகையோரம் இருந்த பெட்ரோல் கேனைக் காட்டினாள்.

"இல்லை" என்றாள். "ஊத்து."